வரைபடத்தில் காணோமா? பினாங்கில் ஏபிஆர்எஸ் பழுது தேடும் வழி

ஒவ்வொரு வருடமும் தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எனக்குப் போன் வரும். “அண்ணே, வண்டியில டிராக்கர் மாட்டிட்டேன், மேப்ல வரவே மாட்டேங்குது.” தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள தண்ணீர்ப் பந்தல்களுக்குச் சாமான் ஏற்றும் வேன்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க எங்கள் நண்பர்கள் சிலர் ஏபிஆர்எஸ் (அமெச்சூர் ரேடியோ வழியாக இருக்கும் இடத்தை அனுப்பும் முறை) வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு கூட்டத்தில் கைப்பேசி இணையம் திணறும்போது இது கைகொடுக்கும். கைகொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது வேலை செய்ய வேண்டும்.

வருடா வருடம் பார்த்ததில் பழுதுகள் புதிதாக வருவதில்லை. அதே ஏழெட்டுதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் இருக்கும், பெரிய செலவு கடைசியில்.

எல்லாமே நம் மலேசியாவில் பயன்படுத்தும் 144.390 மெகாஹெர்ட்ஸ், 1200 பாட் ஏபிஆர்எஸ் பற்றியது. உரிமமும் அழைப்புக்குறியும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். லோரா ஏபிஆர்எஸ் வேறு கதை, அதை இங்கே தொடவில்லை.

எதையும் கழற்றும் முன்

ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ தளத்தில் உங்கள் அழைப்புக்குறியைப் போட்டு மூலப் பாக்கெட்டுகள் (வந்த தகவல் துண்டுகள், அப்படியே) காட்டும் பக்கத்தைத் திறங்கள். வரைபடத்தைப் பார்த்துப் பழுது தேடாதீர்கள். வரைபடம் படம் மட்டும்தான் காட்டும். பாக்கெட் எந்த வழியாக வந்தது என்பதை மூல வரி சொல்லும்.

வரியில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

டிசிபிஐபி என்று இருந்தால் அந்தப் பாக்கெட் இணையம் வழியாக நேராகப் போயிருக்கிறது. ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கைப்பேசிச் செயலி இணையத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும், ஆள் ரேடியோதான் வேலை செய்கிறது என்று சந்தோஷமாக இருப்பார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

க்யூஏஆர் என்று இருந்தால் ஓர் ஐகேட் அதை வான்வழியில் கேட்டு இணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு அடுத்து வரும் அழைப்புக்குறி அந்த ஐகேட்டினுடையது.

கடைசியாக நட்சத்திரக் குறி. வைட்1 என்பதற்குப் பின்னால் நட்சத்திரமும், அதற்கு முன்னால் வேறோர் அழைப்புக்குறியும் இருந்தால் அந்த டிஜி (பாக்கெட்டைக் கேட்டு மறுபடி வானில் அனுப்பும் நிலையம்) உங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது. நட்சத்திரமே இல்லையென்றால் ஐகேட் உங்களை நேரடியாகவே கேட்டிருக்கிறது.

இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பழுதுகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியபின் நாலைந்து பீக்கன் (டிராக்கர் அவ்வப்போது அனுப்பும் இட அறிவிப்பு) போகும்வரை பொறுத்திருங்கள். ஒரே மூச்சில் கேபிளையும் மாற்றி, பாதையையும் (எந்த டிஜிகள் தூக்கிவிட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) மாற்றி, ஒலி அளவையும் மாற்றினால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வருடம் அதே பழுது வரும்போது திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி 1: வரைபடத்தில் வரவே இல்லை

பக்கத்தில் இன்னொரு ஹேண்டியை (கையடக்க ரேடியோ) 144.390-இல் வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை மறைக்கும் அமைப்பு) திறந்துவிட்டு, டிராக்கரில் கையால் ஒரு பீக்கன் அனுப்புங்கள். அதன்பின் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துக் கீழே நான்கு கிளைகள்.

1அ. அனுப்பும் விளக்கே எரியவில்லை

பீக்கன் தானியங்கியில் இருக்கிறதா, கைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ரேடியோக்களில் இது தனி அமைப்பு. ஏபிஆர்எஸ் இயக்கத்தில் இருக்கும், பீக்கன் மட்டும் அணைந்திருக்கும். அழைப்புக்குறி காலியாக இருந்தாலும் சில ரேடியோக்கள் அனுப்பாது.

அடுத்து ஜிபிஎஸ். இடம் பிடிக்கும்வரை பல டிராக்கர்கள் வாயே திறக்காது. அடித்தளக் கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பத்து நிமிடம் சோதித்துவிட்டு ரேடியோ போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. வெளியே வந்து வானம் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். காரில் ஜன்னலுக்கு உலோகப் பூச்சுள்ள கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் ஜிபிஎஸ் அலை குறைந்துதான் உள்ளே வரும். ரேடியோவை டாஷ்போர்டிலிருந்து எடுத்து வெளியே நீட்டிப் பாருங்கள். உடனே இடம் பிடித்தால் காரணம் தாள்தான், கூரைமேல் வைக்கும் வெளி ஜிபிஎஸ் ஒன்று போதும்.

மூன்றாவது காரணம் யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஸ்குவெல்ச் முழுக்கத் திறந்திருந்தால் சில ரேடியோக்கள் ‘அலைவரிசையில் யாரோ பேசுகிறார்கள், காத்திருப்போம்’ என்று நினைத்து அனுப்பவே அனுப்பாது. ஏபிஆர்எஸ் உள்ளேயே உள்ள ரேடியோக்களில் ஸ்குவெல்ச்சை இரைச்சல் மறையும் அளவுக்கு மட்டும் மூடுங்கள்.

1ஆ. விளக்கு எரிகிறது, பக்கத்து ஹேண்டியில் ஒன்றும் கேட்கவில்லை

அலைவரிசையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய ரேடியோ என்றால் ஐரோப்பாவின் 144.800-இல் நிற்கும். இரண்டு பட்டைகள் உள்ள ரேடியோவில் ஏபிஆர்எஸ் ஒரு பட்டையில் அனுப்பும், நீங்கள் 144.390-ஐ இன்னொரு பட்டையில் போட்டிருப்பீர்கள். கேட்கும் ஹேண்டியில் டோன் ஸ்குவெல்ச் போட்டிருந்தாலும் அது ஊமையாகத்தான் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லையென்றால் அனுப்பும் பகுதி போயிருக்கலாம். ஒரு பவர் மீட்டரையும் டம்மி லோடையும் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) இரவல் வாங்கி வாட் அளந்து பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அது பழுதுபார்ப்பவர் வேலை, நீங்கள் திறக்க வேண்டாம்.

1இ. ‘ப்ர்ர்ப்’ என்ற சத்தம் கேட்கிறது, ஆனால் எந்த நிலையமும் டிகோட் செய்யவில்லை

பினாங்கில் நான் போய்ப் பார்க்கும் பழுதுகளில் பாதிக்குமேல் இதுதான். காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ஒலி அளவு அதிகம். சத்தம் குறைவாக இருக்கிறது என்று நினைத்து எல்லாரும் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்டக் கூட்ட 1200, 2200 ஹெர்ட்ஸ் டோன்கள் இரண்டும் முனை வெட்டுப்பட்டு நசுங்கிவிடும். காதுக்கு நன்றாகக் கணீரென்று கேட்கும், மோடத்துக்கு ஒன்றும் புரியாது.

நீங்கள் அனுப்பும் ஒலியைச் சரிசெய்யும் விதம்: கைப்பேசி அல்லது கணினியின் ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது ஹேண்டியில் கேட்டபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓர் இடத்துக்குமேல் நீங்கள் கூட்டினாலும் அங்கே சத்தம் கூடாது. அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு அதில் பாதிக்குக் குறையுங்கள். கேட்கும்போது தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், கொஞ்சம் மந்தமாகக்கூட இருக்கலாம். அந்த மந்தமான சத்தம்தான் டிகோட் ஆகும்.

நீங்கள் கேட்கும் ஒலிக்கு: டைர்வுல்ஃப் (பாக்கெட்டைப் படிக்கும் கணினி மென்பொருள்) ஓடவிட்டிருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒலி அளவை எண்ணாகக் காட்டும். பெரும்பாலான நிலையங்கள் 50-ஐ ஒட்டி வரவேண்டும். 150, 180 என்று வந்தால் ரேடியோவின் ஒலிப்பிடியைக் குறையுங்கள். டைர்வுல்ஃபுக்கு ஸ்குவெல்ச் திறந்தே இருக்கட்டும். மேலே 1அ-வில் சொன்னதற்கு இது நேர்மாறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்: உள்ளேயே ஏபிஆர்எஸ் இருக்கும் ரேடியோ வேறு, கணினி கேட்கும் ரேடியோ வேறு.

ஒலி அளவு சரியாகியும் டிகோட் ஆகவில்லையா? விலை குறைந்த ஹேண்டியில் கேபிள் போட்டுக் கைப்பேசியோடு இணைத்தவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டும். பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதியை அணையுங்கள். அது இருந்தால் ரேடியோ தூங்கித் தூங்கி விழிக்கும், பாக்கெட்டின் தலை போய்விடும். இரண்டு அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் வசதியையும் அணையுங்கள். பாவோஃபெங் யூவி-5ஆர் என்றால் முன்னது பட்டியலில் 3, பின்னது 7. குறுகிய பட்டையில் இருந்தால் அகலத்துக்கு மாற்றுங்கள், அது 5.

அப்புறம் அனுப்புமுன் காத்திருக்கும் நேரம். ரேடியோ பொத்தானை அழுத்தியதும் உடனே முழு வலுவுக்கு வந்துவிடாது. டைர்வுல்ஃபில் டிஎக்ஸ்டிலே 30 என்று இருக்கும், அதாவது 300 மில்லி விநாடி. மலிவான ஹேண்டிகளுக்கு 40, 50 தேவைப்படும். குரல் கேட்டதும் தானாக அனுப்பும் வசதியை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். முடிந்தால் அந்த வழியை விட்டுவிட்டுப் பொத்தானை மின்சாரத்தால் அழுத்தும் சரியான கேபிள் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரிவரவில்லையென்றால் டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) அளக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். மூன்று, மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவில் வைத்துத் தரச் சொன்னால் போதும்.

1ஈ. பக்கத்து வீட்டு நிலையம் டிகோட் செய்கிறது, வரைபடத்தில் மட்டும் இல்லை

ரேடியோ சரி. உங்களைக் கேட்கும் ஐகேட் இல்லை, அல்லது பாதை தவறு. பாதையில் வைட்1-1, வைட்2-1 என்று வையுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய பழைய டிராக்கர்களில் ரிலே, வைட் என்ற பழைய பாதை அப்படியே இருக்கும். அந்த முறை 2000களின் நடுவிலேயே கைவிடப்பட்டது. ரிலே என்ற பெயருக்கு இன்று டிஜிகள் பதில் சொல்லாது. பாதையில் நோகேட் அல்லது ஆர்எஃப்ஒன்லி என்று யாராவது போட்டு வைத்திருந்தால் ஐகேட் கேட்டாலும் இணையத்துக்குக் கொடுக்காது, அது அதன் விதி.

பாதையை நீட்டிப் பார்க்காதீர்கள். வைட்3-3, வைட்7-7 என்று வைத்தால் உங்கள் ஒரு பாக்கெட் டிஜி டிஜியாகத் தாவிக்கொண்டே போய் அலைவரிசையை அடைக்கும். ஒரு பாக்கெட் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரே அலைவரிசை இது. தீவுக்கும் செபராங் பிறைக்கும் இரண்டு தாவல் தாராளம்.

அறிகுறி 2: வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில்

ஜார்ஜ்டவுனில் இருக்கும் வீடு கெடாவில் சுங்கை பட்டாணிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. இதைக் கேட்டதுமே காரணம் சொல்லிவிடலாம். ஜார்ஜ்டவுன் 5.4164 பாகை வடக்கு, 100.3327 பாகை கிழக்கு. கைப்பேசி இப்படித்தான் காட்டும். ஆனால் ஏபிஆர்எஸ் பாகையையும் நிமிடத்தையும் தனித்தனியாகக் கேட்கும். 5.4164 என்பதை 5 பாகை 41.64 நிமிடம் என்று போட்டுவிட்டால் சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே போய்விடுவீர்கள். கிழக்கிலும் அதே தவறைச் செய்தால் இன்னொரு 25 கிலோமீட்டர். பாகைக்குப் பின்னால் வரும் தசமத்தை 60-ஆல் பெருக்குங்கள். 0.4164 பெருக்கல் 60, கிட்டத்தட்ட 24.98 நிமிடம். ஆக 5 பாகை 24.98 நிமிடம் வடக்கு, 100 பாகை 19.96 நிமிடம் கிழக்கு. சரியாகிவிடும்.

ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் தெரிகிறதா? பூஜ்யம், பூஜ்யம். ஜிபிஎஸ் இடம் பிடிக்கும் முன்பே அனுப்புகிறது, அல்லது நிலையான இடத்தை நிரப்பவே இல்லை.

வண்டி ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வீட்டுக்குத் தாவி மீண்டும் சாலைக்கு வருகிறதா? வீட்டு நிலையத்துக்கும் வண்டிக்கும் ஒரே எஸ்எஸ்ஐடி (அழைப்புக்குறிக்குப் பின்னால் வரும் எண்) கொடுத்திருக்கிறீர்கள். வண்டிக்கு 9, கையில் எடுத்துப்போகும் ஹேண்டிக்கு 7, ஐகேட்டுக்கு 10 என்று வழக்கப்படி பிரித்துவிடுங்கள். பிரித்த பிறகும் தாவினால், அதுவும் வீட்டுக்குத் தாவாமல் ஐந்து நிமிடத்துக்கு முன் இருந்த இடத்துக்குப் பின்னோக்கித் தாவினால், உங்கள் பக்கம் குற்றம் இல்லை. எங்கேயோ ஓர் ஐகேட் பாக்கெட்டுகளை வரிசையில் தேக்கி வைத்துத் தாமதமாகக் கொடுக்கிறது. மூல வரியில் தாமதமாக வந்ததன் ஐகேட் பெயரைக் குறித்துக்கொண்டு அதை வைத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். தன் பெட்டி இப்படிச் செய்கிறது என்று பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

பழைய ஜிபிஎஸ் தேதியை ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யமாகும், கடைசியாக 2019 ஏப்ரலில் ஆனது. இடம் சரியாகவே வரும்.

அறிகுறி 3: வருகிறது, ஆனால் நடுநடுவே காணாமல் போகிறது

எப்போதும் ஒரே இடத்தில் காணாமல் போகிறதா, எங்கே வேண்டுமானாலும் போகிறதா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் என்றால் மலை. தீவின் நடுவே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து கொடிமலைத் தொடர் நிற்கிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவுக்கு மலைச்சாலையில் இறங்கும்போதும், தெலுக் பஹாங்கிலிருந்து தெற்கே வளையும்போதும் காணாமல் போவது இயல்பு. வாட்டைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. பாலிக் புலாவில் உயரமான இடத்தில் வீடு உள்ள ஒரு நண்பர் வைட்1-1-க்கு மட்டும் பதில் சொல்லும் சின்ன டிஜி ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துகொள்ளும். மலையைச் சுற்றி அவருக்கு ஒரு பெரிய டிஜி கேட்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. வைத்துப் பார்த்த பின்தான் கேட்குமா என்று தெரியும், அதனால் முதலில் ஹேண்டியை அவர் மாடியில் ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.

எங்கே வேண்டுமானாலும் காணாமல் போகிறது என்றால் முதலில் ஆண்டெனா. ஹேண்டியின் ரப்பர் ஆண்டெனாவை காருக்குள் வைத்துக்கொண்டு தீவு முழுக்கத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கூரை நடுவில் காந்தம் வைத்த கால் அலை ஆண்டெனா போதும். கம்பி நீளம் 49 சென்டிமீட்டர் சுற்றி இருக்கும், நல்ல விலையில் கிடைக்கும். கேபிளைக் கதவில் நசுக்கி நசுக்கி உள்ளே எடுக்கிறீர்களா என்று பாருங்கள். நசுங்கிய இடத்தில் கேபிள் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு வேன்கள் ஒரே இடத்தில் நிற்கும்போது ஒன்று மட்டும் தெரிகிறது என்றால் இரண்டும் ஒரே விநாடியில் பேசுகின்றன. ஒரே நேரத்தில் இயக்கினீர்கள், இரண்டிலும் 60 விநாடி இடைவெளி, அப்படியானால் ஒவ்வொரு நிமிடமும் மோதும். வலுவான பாக்கெட் ஜெயிக்கும், மற்றது அழிந்துவிடும். ஒன்றை 70 விநாடி ஆக்குங்கள்.

தைப்பூச நாளுக்கென்றே ஒரு பழுது உண்டு. எங்களை ஒரு வருடம் முழுக்க அலைக்கழித்தது. வெள்ளி ரதத்துக்குப் பின்னால் போன வேன் அரை மணி நேரம் ஒரே புள்ளியில் நின்றது, பிறகு ஒரே தாவலில் அரை மைல் முன்னால் வந்தது. மறுபடி அரை மணி நேரம். கேபிளைப் பார்த்தோம், பேட்டரியைப் பார்த்தோம். கடைசியில் காரணம் புத்திசாலிப் பீக்கன். அது வேகத்தைப் பார்த்து இடைவெளியை முடிவு செய்யும். மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வண்டி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். ரதத்தோடு ஊர்ந்து போகிற வண்டி எந்த நேரமும் 5-க்குக் கீழேதான். அன்றைக்கு மட்டும் புத்திசாலிப் பீக்கனை அணைத்துவிட்டு மூன்று நிமிட இடைவெளி வையுங்கள். மறுநாள் திரும்பப் போட மறக்காதீர்கள்.

அறிகுறி 4: அனுப்ப ஆரம்பித்தால் நிற்பதில்லை

இதில் முதல் வேலை மின்சாரத்தைப் பிடுங்குவது. காரணம் தேடுவது அப்புறம். நீங்கள் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை உங்களைச் சுற்றி யாருக்கும் ஏபிஆர்எஸ் இல்லை. ரேடியோவும் சூடேறி எரியும்.

ரேடியோவில் அனுப்பும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு இருக்கும். எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள். பழுது இல்லாதபோதும் இது இருக்கட்டும்.

காரணம் பெரும்பாலும் உங்கள் சொந்த அலை யூஎஸ்பி கேபிளில் புகுந்து ஒலி அட்டையைக் குழப்புவதுதான். ஆண்டெனாவை ரேடியோவிலிருந்து எடுத்து டம்மி லோட் போட்டுப் பாருங்கள். பழுது நின்றுவிட்டால் அதுதான். வாட்டைக் குறையுங்கள், ஆண்டெனாவைப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள், யூஎஸ்பி கேபிளிலும் ஒலிக் கேபிளிலும் கிளிப் போடும் ஃபெரைட் வளையங்கள் போடுங்கள், கேபிளை அதில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் நல்லது. டம்மி லோடிலும் நிற்கவில்லையென்றால் ஹேண்டியின் பக்கவாட்டு பிளக்கை அசைத்துப் பாருங்கள். முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கும் பிளக் பொத்தானை அழுத்திப் பிடித்தது போலவே இருக்கும். உறைபோட்ட ஹேண்டிகளில் இது அடிக்கடி நடக்கும், உறையில் கத்தியால் கொஞ்சம் வெட்டிவிட வேண்டியதுதான்.

அறிகுறி 5: ஐகேட் உயிரோடு இருக்கிறது, எதையும் கொண்டுபோகவில்லை

வரைபடத்தில் ஐகேட்டின் சொந்தக் குறி வருகிறதா? வருகிறதென்றால் இணையம் சரி, வானொலிப் பக்கம் செவிடு. வரவில்லையென்றால் இணையப் பக்கம்.

இணையப் பக்கம்: சேவையகம், போர்ட் 14580, கடவு எண். கடவு எண்ணை எஸ்எஸ்ஐடி இல்லாத அழைப்புக்குறிக்குக் கணக்கிட வேண்டும். அது தப்பாக இருந்தால் சேவையகம் உங்களை உள்ளே விடும், ஆனால் நீங்கள் கொடுப்பதை வாங்காது. பதிவில் சரிபார்க்கப்படவில்லை என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வானொலிப் பக்கம்: மின்தடைக்குப் பின் ஆரம்பித்த பழுதா? ஐகேட்டை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி மறுபடி எழும்போது ஒலி அட்டையின் எண் மாறியிருக்கும். நேற்று 1 என்று இருந்தது இன்று 0 அல்லது 2. டைர்வுல்ஃப் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். எண்ணுக்குப் பதிலாக அட்டையின் பெயரை எழுதிவிட்டால் இது திரும்ப வராது. திரையில் மின்னழுத்தம் குறைவு என்று எச்சரிக்கை வந்தால் கைப்பேசிச் சார்ஜரை எடுத்துவிட்டு ராஸ்பெரி பைக்கென்றே உள்ள மின்வழங்கி போடுங்கள். நினைவட்டை கெட்டுப்போவதும் மின்தடையால்தான். ஒரு நகல் அட்டை எடுத்து மேசை டிராயரில் வைத்திருந்தால் பத்து நிமிட வேலை, இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இது எதுவும் இல்லை, முன்பு 40 நிலையம் கேட்டது இப்போது ஐந்துதான் கேட்கிறது என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 6: டிஜியின் சத்தம் நமக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் டிஜிக்கு யார் சத்தமும் கேட்பதில்லை

வாய் பெரிது, காது சின்னது. ரிலே நிலையங்களில் மிக மோசமான பழுது இது, ஏனென்றால் வெளியே எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். டிஜியின் பீக்கன் கணீரென்று வரும். உங்கள் பாக்கெட்டை மட்டும் அது தூக்காது.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். டிஜியின் ரேடியோவில் ஸ்குவெல்ச்சைத் திறந்து, ஆண்டெனா போட்டும் டம்மி லோட் போட்டும் மாறி மாறிக் கேளுங்கள். ஆண்டெனா போட்டதும் கரகரப்போ ஒரே சுருதியில் ரீங்காரமோ சேர்ந்துகொண்டால் பக்கத்தில் ஏதோ இரைச்சல் போடுகிறது. எல்இடி விளக்கு, கேமரா மின்வழங்கி, சோலார் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி, இப்படி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சோலார் நிலையத்தில் இரவில் கேட்டு பகலில் செவிடாகிறது என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிதான், வேறெதுவும் தேட வேண்டாம்.

இரைச்சல் இல்லையென்றால் தண்ணீர்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் இருந்த டிஜி மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகிக்கொண்டே வந்தது. எஸ்டபிள்யூஆர் (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) அளந்தோம், 1.3. அருமை என்று சொல்லி இறங்கிவிட்டோம். இரண்டாம் முறை ஏறியபோது ஆண்டெனா அடியில் கறுப்பு டேப்பைப் பிரித்தேன். கனெக்டரின் நூலிழைகளில் பச்சைப் பொடி. நடு ஊசியைச் சுற்றி மைதா மாதிரி வெள்ளையாக உப்பு. கனெக்டரைத் திருகி எடுத்ததும் கேபிள் முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கட்டைவிரலில் விழுந்தது. வெளித்தோலைக் கத்தியால் கீறிப் பார்த்தால் செம்பு வலை ஒரு முழம் தூரத்துக்குக் கறுத்துப் போயிருந்தது.

எஸ்டபிள்யூஆர் ஏன் நன்றாகக் காட்டியது? நனைந்த கேபிள் அலையைத் தின்றுவிடுகிறது. போனதையும் தின்கிறது, திரும்பி வருவதையும் தின்கிறது. திரும்பி வருவது குறைவதால் கீழே மீட்டர் நல்ல எண் காட்டுகிறது. அதனால் எஸ்டபிள்யூஆர் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மேலே ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கீழே நானோவிஎன்ஏ போன்ற அளவுக் கருவியால் கேபிளை மட்டும் அளங்கள். ரேடியோவால் அனுப்பிப் பார்க்காதீர்கள், திறந்த முனையில் அனுப்பினால் ரேடியோ போய்விடும். மேல்முனை திறந்திருக்கும்போது எண் மிக உயரமாக இருக்க வேண்டும். 3 என்று காட்டினால் அனுப்புவதில் பாதி கேபிளிலேயே போகிறது. அப்படிப்பட்ட கேபிளைத் தூக்கிப் போடுங்கள், முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

புதிது போடும்போது ஆர்ஜி-58 வாங்காதீர்கள். நன்றாக இருக்கும்போதே 15 மீட்டரில் ஏறக்குறைய பாதி வலுவைத் தின்கிற கேபிள் அது. எல்எம்ஆர்-400 தரத்தில் உள்ளது அதே நீளத்தில் ஒரு டெசிபெலுக்கும் குறைவாகத்தான் இழக்கும். பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். கடல் பக்கத்தில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பெட்டியைத் திறக்கும்போது எறும்புப் புற்றும் இருக்கும், கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

அறிகுறி 7: டிஜி கேட்கிறது, டிகோட் செய்கிறது, திரும்ப அனுப்பவில்லை

அது எந்தப் பெயருக்குப் பதில் சொல்ல அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டு டிஜி வைட்1-1-க்கு மட்டும். உயரத்தில் உள்ள டிஜி வைட்2-க்கும். நீங்கள் வைட்2-1 மட்டும் வைத்து அனுப்பினால் வீட்டு டிஜி சும்மா இருப்பது சரியானதே. ஒரே பாக்கெட்டை அரை நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அனுப்பிச் சோதித்தால் டிஜி அதை நகல் என்று ஒதுக்கும், அதுவும் பழுதில்லை. சோதிக்கும்போது குறிப்புச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி அனுப்புங்கள்.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது

இடி விழுந்த பிறகு. ரேடியோ வேலை செய்தாலும் சரி. ஆண்டெனாவுக்குள் உள்ள சுருள், மின்னல் தடுப்பானின் உள்வாயுக் குழாய், நிலத்தொடர்பு, மூன்றையும் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். நிலக்கம்பியும் 230 வோல்ட் பக்கமும் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை, நம் வேலை இல்லை.

கோபுரத்தில் ஏற வேண்டியிருந்தால் இடுப்புக் கச்சையும் பயிற்சியும் உள்ளவர் ஏறட்டும். ஏறுகிறவர் தனியாக ஏறக் கூடாது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே சாய்ந்து ஒரு திருகு முடுக்க வேண்டும் என்றாலும் அதே விதிதான். மாலை நேர மேகம் கறுக்க ஆரம்பித்தால் பாதி வேலையில் இறங்கிவிடுங்கள்.

அடுத்தவர் கோபுரத்திலோ கட்டடத்திலோ உள்ள டிஜி என்றால் சாவி வைத்திருப்பவரிடம் முதலில் சொல்லிவிட்டு, மூல வரிகளை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். எந்த நாளிலிருந்து, எந்தெந்த நிலையத்தைக் கேட்பதை நிறுத்தியது என்று தேதியோடு காட்டினால் அவர் அன்றே மேலே கூட்டிப்போவார்.